மறதியை அளக்கிறதா, படிப்பை அளக்கிறதா?

டிமென்ஷியா எனப்படும் மறதி நோயின் அறிகுறி முதியோரிடம் தென்படுகிறதா என்று முதல் பார்வைக்கு அறிய, உலகெங்கும் வழங்கும் வினாத்தாள் ஒன்று உண்டு. ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மக்ஹியூவும் 1975இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘மினி மென்டல்’ சோதனைதான் அது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று வினாக்கள் போகும். 24க்குக் கீழே வாங்கினால் ஐயத்துக்கு இடம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த எளிமையைக் குறை சொல்வதற்கில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

வெப்பமானியைத் தரப்படுத்தும்போது, உருகும் பனிக்கட்டியில் அது சுழியைக் காட்டுகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அந்தச் சுழியே ஆளுக்கு ஆள் நகர்ந்தால் என்ன செய்வது? 1993இல் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் மதிப்பெண்கள் வெளியாயின. ஒன்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண் 29. நான்கு ஆண்டுகளுக்கு மேல் பள்ளி செல்லாதவர்களுக்கோ 22! அவர்களில் பாதிப்பேருக்காவது நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1982இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வும் இதையே காட்டியது. நோயில்லாமலே சோதனையில் சிக்கியவர்கள் அத்தனை பேரும் ஒன்பதாண்டுப் படிப்பைத் தாண்டாதவர்கள்.

படிக்காதவர்களுக்கு எல்லையைக் குறைத்துவிட்டால் போயிற்று என்பர் சிலர். எனக்கு இதில் உடன்பாடில்லை. இளமையில் கல்வி குறைந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பே கூடுதல் என்று தெரிய வந்துள்ளது. எல்லையை இறக்கினால் உண்மையான நோயாளிகளும் தப்பிவிடுவர். கோணலான அளவுகோலுக்கு வேறு எண்களை ஒட்டுவது திருத்தமாகாது.

வினாக்களையே மாற்றுவது கடினமான வழி. ஆனால் அதுதான் சரியான வழி. அரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கென உருவாக்கி 1995இல் வெளியிட்ட இந்திச் சோதனை இப்படிப்பட்டது. மூலத்தில் ‘கண்களை மூடு’ என்று எழுதிய அட்டையைப் படித்து அதன்படி செய்யவேண்டும். இங்கே ஆய்வாளர் தம் கண்களை மூடிக் காட்டுகிறார். முதியவர் அதைப் பார்த்துச் செய்தால் போதும். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, “உங்கள் வீட்டைப்பற்றி ஏதாவது சொல்லுங்கள்” என்கிறார். இதற்கு விடை சொல்ல எந்தப் பாட்டிக்குப் பள்ளிப்படிப்பு வேண்டும்?