பட்டியலில் மிஞ்சிய ஊர்கள்

யோசுவா புத்தகத்தின் 15ஆம் அதிகாரத்தைப் பலரும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள். யூதா கோத்திரத்துக்குக் கிடைத்த ஊர்களின் நீண்ட பட்டியல் அது. அந்த ஊர்கள் எந்த மேட்டில், எந்த ஓடைக்கரையில் இருந்தன என்று கேட்டவர்களால்தான் விவிலிய நிலவியல் என்ற துறை வளர்ந்தது.

4ஆம் நூற்றாண்டிலேயே செசரியா பிஷப் யூசேபியஸ் ஊர்ப் பெயர்களைத் தொகுத்து, பலவற்றுக்கு ரோமானிய மைல் கணக்கில் தொலைவையும் குறித்துவைத்தார். நவீனத் தேடல் சூடுபிடித்தது 1838இல். அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ராபின்சனும் அரபு நன்கறிந்த மிஷனரி எலி ஸ்மித்தும், மடங்கள் காட்டிய தலங்களை அப்படியே ஏற்காமல், கிராமத்து மக்களிடம் ஊர்ப் பெயர்களைக் கேட்டபடி பாலஸ்தீனத்தைச் சுற்றினார்கள். அனாத்தாவில் எரேமியாவின் ஆனதோத் தென்பட்டது; முக்மாஸில் மிக்மாஸ். இத்துறையின் முதல் சாட்சிகள் அந்த அரபு உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும்தான். அவர்களுக்கு உரிய நன்றியை இத்துறை இன்னும் செலுத்தவில்லை என்பதே என் எண்ணம்.

ஆனால் பெயரொற்றுமையை மட்டும் நம்ப முடியாது. உம் லாகிஸ் என்ற பெயர் லாகீஸைத் தேடியவர்களை அந்தப் பக்கம் இழுத்தது. அதன் அருகிலுள்ள டெல் (தொல்மேடு) எல்-ஹெசியை, லாகீஸ் என்று நம்பியே 1890இல் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டினார். 1929இல் ஆய்வாளர் ஆல்பிரைட் டெல் எத்-துவைரைச் சுட்டிக்காட்டினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான்.

மண்ணே பேசிய இடம் எல்-ஜிப். 1956இல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் அங்கே தோண்டத் தொடங்கினார். பாறையில் வெட்டிய பெரிய வட்டக் குளம். சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும் 79 படிகள். சவுல் வீட்டாரின் தளபதி அப்னேரின் ஆட்களும் தாவீதின் தளபதி யோவாபின் ஆட்களும் எதிரெதிரே உட்கார்ந்த கிபியோன் குளம் உடனே நினைவுக்கு வரும். அதை நிரப்பியிருந்த மண்ணில் ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. பலவற்றில் பழைய எபிரேய எழுத்தில் ‘கிபியோன்’ என்று கீறியிருந்தது. ஜாடி ஊர்விட்டு ஊர் போகும் பொருளாயிற்றே, வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அங்கேயே புனலும் ஜாடி மூடிகளும் பாறையில் குடைந்த திராட்சரசக் கிடங்குகளும் கிடைத்தன. சரக்கை நிரப்பி அனுப்பிய ஊரே அதுதான் என்பதற்கு இவை வலுவான சான்று.

பெலிஸ்தர் நகரமான எக்ரோனுக்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. டெல் மிக்னேயில் 1996இல் கிடைத்த கோயில் கல்வெட்டு, பாதி என்பவரின் மகன் ஆகீஸை எக்ரோனின் அதிபதி என்கிறது.

காத்தின் கதை வேறு. டெல் எரானியைக் காத் என்று கருதி, அருகே 1950களில் எழுந்த புதிய நகருக்குக் கிரியாத் காத் என்று பெயரிட்டார்கள். அகழாய்வு அந்தக் கருத்தை ஆதரிக்கவில்லை. கோலியாத்தின் ஊர் வடகிழக்கே உள்ள டெல் எஸ்-சாஃபி என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. ஆனாலும் புதிய நகரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பெயர் சூட்டல் அந்த நகரோடு நிற்கவும் இல்லை. 1948 போரின்போதும் அதற்குப் பிறகும் பல அரபுக் கிராமங்கள் காலியாகி, வரைபடத்தில் எபிரேயப் பெயர்கள் ஏறின. ஊர்ப்பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் அங்கிருந்து அகன்றது மனிதத் துயரம். ஆய்வுக்கும் ஈடில்லா இழப்பு.

தாவீது தங்கியிருந்த சிக்லாகு எது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. டெல் செரா, டெல் ஹாலிஃப் என்று முன்பே சொல்லிவந்தார்கள். 2019இல் கிர்பெத் அல்-ராயின் பெயரும் சேர்ந்தது. பெலிஸ்தர் காலக் குடியிருப்பும் தீப்பற்றிய தடயமும் அதற்குச் சாதகம். தெற்கே இருந்திருக்க வேண்டிய ஊர் இத்தனை வடக்கே எப்படி என்று மறுப்பவர்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. கல்லில் பெயர் கிடைக்கும்வரை, பைபிள் வரைபடம் அச்சிடுகிறவர்கள் சிக்லாகு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும்.