ஒரு வியாழக்கிழமையின் சாட்சியம்

தன்வரலாறுகளையும் வரலாற்று நூல்களையும் பற்றி வாசகர்கள் பேசிக்கொள்ளும்போது கவனித்தால் இரண்டு கட்சிகள் தெரியும். முதல் கட்சி இப்படிப் பேசும்: "வரலாற்றுப் புத்தகம்னாலே போர் அடிக்குதுங்க. ஒரு வரி எழுதுறாங்க, மூணு அடிக்குறிப்பு போடுறாங்க. மனுஷன் எங்க இருக்கான் அதுல?" இரண்டாவது கட்சி இப்படி: "தன்னைப் பத்தித் தானே எழுதுறவரு எப்படிங்க உண்மை சொல்வாரு? வயசான காலத்துல ஞாபகத்துல இருந்து எழுதினதை ஆதாரம்னு காட்டுறீங்களே!"

இந்தச் சண்டையை ரசித்துக் கேட்பவன் நான். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. ஒரு கட்சிக்கு 'உயிரோட்டம்' வேண்டும், மற்றதற்கு 'ஆதாரம்' வேண்டும். இரண்டு பேருமே கையில் இருக்கும் புத்தகம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. 'எனக்கு இப்படி நினைவிருக்கிறது' என்பது தன்வரலாற்றின் வாக்கு. 'இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சொல்லலாம்' என்பது வரலாற்றின் வாக்கு. ஒன்று கொடுத்த வாக்கை வைத்து மற்றதைக் கேள்வி கேட்டால் இரண்டுமே தோற்கத்தான் செய்யும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. கதை 1899ஐ ஒட்டிய காலம் வரைதான் வருகிறது. நூலாக 1950இல் வெளிவந்தது. தமிழில் நாவல் மாதிரி வாசிக்கப்படும் தன்வரலாறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். அதே சமயம், "இதை வச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டைப் புரிஞ்சுக்க முடியாது" என்று சொல்லும் வாசகர்களும் இருக்கிறார்கள். இருவரும் படித்தது ஒரே புத்தகம்.

தேதியும் உரையாடலும்

புத்தகத்தின் மையமான காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது, உ.வே.சா.வுக்கு 25 வயது. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். தான் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று வரிசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து 1887 சிந்தாமணிப் பதிப்புக்கும், பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று நீளும் வேலைக்கும் ஒரு கோடு இழுக்கலாம். உ.வே.சா.வே அப்படித்தான் இழுக்கிறார்.

அந்தச் சந்திப்பு நடந்த நாள் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை என்கிறது புத்தகம். மென்பொருள்காரனின் புத்தி சும்மா இருக்காதே. பைத்தானில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அந்தத் தேதி வியாழக்கிழமைதான்.

சந்தேகக் கட்சிக்கு இது சின்ன அதிர்ச்சி. அறுபது வருஷம் கழித்து எழுதியவர் கிழமையைத் தப்பாமல் தருகிறார். ஆனால் இதனால் நிரூபணமானது என்ன? அவரிடமோ, உடனிருந்து உதவிய கி.வா. ஜகந்நாதனிடமோ ஏதோ ஒரு குறிப்போ பஞ்சாங்கமோ இருந்திருக்கலாம் என்பது மட்டும்தான். அன்று அந்த அறையில் யார் எந்தச் சொல்லைச் சொன்னார், எந்தத் தொனியில் சொன்னார் என்பதைச் சரிபார்க்க எந்த நிரலும் கிடையாது. அதை எழுதியபோது முதலியார் உயிரோடு இல்லை. சாட்சி ஒருவர்தான்.

எங்கள் தொழிலில் நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்தால் மூன்று விதமான ஆவணங்கள் உருவாகும். கணினி நொடிக்கு நொடி தானாக எழுதிவைக்கும் பதிவு ஒன்று. ஒரு வாரம் கழித்து நாலு பேர் உட்கார்ந்து பதிவுகளை ஒப்பிட்டு எழுதும் ஆய்வறிக்கை இன்னொன்று. அன்றிரவு விழித்திருந்தவர் ஐந்து வருஷம் கழித்துக் கேன்டீனில் புதியவர்களிடம் சொல்லும் கதை மூன்றாவது. அந்தக் கதையில் நேரங்கள் முன்னே பின்னே ஆகியிருக்கும், அவர் கொஞ்சம் நாயகனாகியிருப்பார். ஆனால் அந்த ராத்திரி எப்படி இருந்தது, யார் யாருக்குப் பயந்தார்கள், எதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதெல்லாம் அந்தக் கதையில் மட்டும்தான் கிடைக்கும்.

முதல் வகைப் பதிவுக்கு நம்மிடம் அருமையான உதாரணம் உண்டு. புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு. நடந்ததை நடந்த சூட்டோடு எழுதியவர். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுத்தில் படித்தால் இன்றும் கை நடுங்கும். ஆனால் அவரும் டூப்ளேயின் ஆள்தான். டூப்ளேயின் மனைவிமீது அவருக்கிருந்த கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். உடனுக்குடன் எழுதுவதால் மறதி குறையும். எழுதுபவரின் விருப்பு வெறுப்பு அப்படியேதான் இருக்கும்.

ஒரு பெயர் மாறியது

வாசகர்கள் உண்மையிலேயே பிளவுபடும் இடம் வேறொன்று. 1871இல் உ.வே.சா. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்கிறார். அப்போது அவர் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்கிறார். வீட்டில் சாமிநாதன் என்றும் அழைப்பார்கள் என்று தெரிந்ததும் அதையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இன்று நாம் அறிந்த பெயர் அங்கிருந்து வந்தது.

ஒரு வாசகர் இதைக் குருவின் பிரியமாகப் படிப்பார். ஒரு தகப்பன் பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல. இன்னொருவர், "திருவாவடுதுறை மடத்தோட வித்வானுக்கு வைணவப் பெயர் ஒட்டலை, அவ்வளவுதானே?" என்பார். உ.வே.சா. இரண்டில் எதையும் அடித்துச் சொல்வதில்லை. குறை சொல்லாமல், அன்போடு, நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இங்கேதான் வரலாற்று நூலின் தேவை வருகிறது. சைவ மடங்கள் அன்று தமிழ்க் கல்வியின் கருவூலமாகவும் சம்பளம் தரும் இடமாகவும் இருந்தன. புலவர்கள் மடத்தையும் ஜமீனையும் நம்பிப் பிழைத்தார்கள். பெரும் புகழ் பெற்ற மீனாட்சிசுந்தரம் பிள்ளையே கடைசிவரை பணக்கஷ்டத்திலிருந்து மீளவில்லை. இந்தப் பின்னணி தெரிந்தால் அந்தப் பெயர் மாற்றம் பாசமாகவும் சூழலின் நிர்ப்பந்தமாகவும் ஒரே நேரத்தில் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

சாதி பற்றிய இடங்களும் இப்படித்தான். வேளாள ஆசிரியருக்கும் பிராமண மாணவருக்கும் இடையில் சாப்பாட்டு ஏற்பாடு தனித்தனி. இதை உ.வே.சா. விமர்சிக்கவில்லை என்று கோபப்படும் வாசகரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விமர்சனம் தோன்றாததால்தான் ஒளிக்கவும் தோன்றவில்லை. எந்த வீட்டில் சாப்பிட்டார், யார் சமைத்தார் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார். 1870களின் தஞ்சை வட்டாரத்தில் சாதி அன்றாடம் எப்படி இயங்கியது என்று ஆராய்பவருக்கு இந்த வெகுளித்தனம் ஒரு கொடை. தன்வரலாறு சொல்ல நினைத்துச் சொன்னதைவிட, சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னதுதான் பல நேரம் வலுவான சான்று.

பதில் சொல்ல ஆள் இல்லாதபோது

இதுவரை பேசியதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வரும் இடம் சி.வை. தாமோதரம் பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சுக்குக் கொண்டுவந்தவர். அவருக்கும் முன்னால் ஆறுமுக நாவலர் 1851லேயே திருமுருகாற்றுப்படையைப் பதிப்பித்திருந்தார். சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை எச். பவர் 1868இல் அச்சிட்டிருந்தார். ஆக, 1880இல் அந்த வியாழக்கிழமைக்கு முன்பே இந்த வேலை பல கைகளில் தொடங்கிவிட்டது. 'என் சரித்திரம்' மட்டும் படிப்பவருக்கு இந்த ஓட்டம் அவ்வளவாகத் தெரியாது. அவருக்கு எல்லாம் கும்பகோணத்தில் ஒரு அறையில் தொடங்கியதாகவே தோன்றும்.

சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பித் தாமோதரம் பிள்ளை கேட்டதையும் தான் மறுத்ததையும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். மரியாதை குறையாமல்தான் எழுதுகிறார். ஆனால் காட்சி அவருடையது. தயக்கமும் மனக்குமுறலும் அவருடையவை. வாசகன் இயல்பாகவே இளைஞரான உ.வே.சா. பக்கம் போய் நின்றுகொள்கிறான். தாமோதரம் பிள்ளை 1901லேயே மறைந்துவிட்டார், தன்வரலாறு எழுதவில்லை. அவர் குரல் மிச்சமிருப்பது அவருடைய பதிப்புரைகளில்தான். ஏடுகள் கண்ணெதிரே செல்லரித்துப் போவதையும், கைப்பணம் கரைவதையும், ஆதரவில்லாமையையும் பற்றி அவர் பொங்கி எழுதிய உரைகள் அவை. 'தாமோதரம்' என்ற தொகுப்பில் கிடைக்கின்றன.

இந்த ஒரு காரணத்தால் பல பத்தாண்டுகளாக 'பதிப்பின் முன்னோடி யார்' என்ற சண்டை நடக்கிறது. உ.வே.சா. மற்றவர்களை மறைத்தார் என்று ஒரு தரப்பு. தாமோதரம் பிள்ளையின் பதிப்புகளை உ.வே.சா.வின் பதிப்புகளோடு ஒப்பிடவே முடியாது என்று இன்னொரு தரப்பு. எனக்கு இதில் உறுத்துவது உ.வே.சா.வின் நேர்மை பற்றிய கேள்வி இல்லை. அவர் தன் வாக்கை, 'எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன்' என்ற வாக்கை, காப்பாற்றியிருக்கிறார். ஒரு மனிதரின் ஞாபகத்தை ஒரு துறையின் வரலாறாக எடுத்துக்கொண்டது நாம்தான். நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு நாம் தரும் பரிசு அது. நன்றாக எழுதாமலோ எழுதாமலேயோ போனவருக்கு அதுவே தண்டனை.

ஆமை வேகப் புத்தகங்கள்

இந்தச் சமனின்மையைச் சரிசெய்வது 'போர் அடிக்கும்' புத்தகங்களே. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' 1962இல் வந்தது. "டைரக்டரி மாதிரி இருக்கு" என்று அதை மூடிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மைதான், தகவல் அடுக்கும் புத்தகம்தான். ஆனால் அந்த அடுக்கில் உ.வே.சா.வுக்குப் பக்கத்திலேயே பல பேர் நிற்கிறார்கள். தன்வரலாறு எழுத வாய்க்காதவர்கள் அங்கே ஒரு பத்தியாவது பெறுகிறார்கள்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்புத்துறை ஆய்வுகள் இன்னொரு படி மேலே போகின்றன. புத்தகம் வருவதற்கு முன்பே பணம் தருவதாக வாக்களித்துக் கையொப்பம் இடும் முறை அன்று இருந்தது. சிந்தாமணிக்காகக் கையொப்பம் வாங்க அலைந்ததை உ.வே.சா. எழுதும்போது அது ஒரு தனிமனிதனின் பாடு. மடமும் ஜமீனும் புரந்த காலத்திலிருந்து புத்தகச் சந்தையை நோக்கித் தமிழ்ச் சமூகம் நகர்ந்தபோது நடுவில் போட்ட பாலம் அந்தக் கையொப்ப முறை என்று வேங்கடாசலபதி காட்டும்போது அதே அலைச்சலுக்கு வேறு அர்த்தம் வருகிறது. அந்த அர்த்தம் அலைந்தவருக்கே தெரிந்திருக்க முடியாது.

அதற்காக ஆதாரக் கட்சியே ஜெயித்தது என்று முடித்துவிடவும் முடியாது. பாமாவின் 'கருக்கு' (1992) அந்த முடிவைத் தடுக்கிறது. அதில் சரிபார்க்கக் கிழமை இல்லை. நிகழ்வுகள் கால வரிசையில் வருவதில்லை, சொன்ன இடத்துக்கே மறுபடி திரும்பி வருகின்றன. இது நாவலா, தன்வரலாறா என்று அன்றைக்கே கேட்டார்கள். அவர் ஊரிலேயே அதற்குக் கோபம் எழுந்தது. ஒரு தலித் கிறிஸ்தவச் சிறுமி தெருவில் என்ன பார்த்தாள், கன்னியர் மடத்துக்குள் போனபின் என்ன பார்த்தாள் என்பதை எந்த ஆவணக் காப்பகம் எழுதிவைத்திருக்கும்? ஆவணம் வைத்திருப்பவர்களைப் பற்றி மட்டுமே வரலாறு எழுதலாம் என்றால், ஆவணம் எழுதும் அதிகாரமே இல்லாதவர்கள் இரண்டாவது முறையும் வெளியே நிறுத்தப்படுவார்கள்.

ஆனால் 'இது என் அனுபவம், கேள்வி கேட்காதே' என்ற கேடயத்தைத் தூக்கிக்கொள்ளும் வாசகரோடும் நான் உடன்பட மாட்டேன். கேள்வி கேட்பது அவமதிப்பு ஆகாது. ஒரு சாட்சியை மதிப்பதென்றால் அவர் எங்கே நின்று பார்த்தார், அங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்று கேட்பதுதான். அதிகாரத்துக்குப் பக்கத்தில் நின்று எழுதியவரிடம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அழுத்தியே கேட்கலாம். ஆனந்தரங்கப் பிள்ளையிடம் கேட்கும் கறாரை அப்படியே பாமாவிடம் கேட்பது நியாயமாகப் படவில்லை. அவர் சொல்வதை மறுக்கும் தரப்புக்கு ஏற்கெனவே நூறு ஆவணங்கள் இருக்கின்றன.

இந்தச் சண்டை வரும்போதெல்லாம் நான் ஒரு வழியைத்தான் சொல்கிறேன். ஒரு தன்வரலாறு பிடித்துப்போனால், அதில் வரும் இன்னொரு மனிதரைத் தேடிப் போங்கள். 'என் சரித்திரம்' எத்தனையோ பதிப்புகளில் கிடைக்கிறது, இணையத்திலும் முழுதாகப் படிக்கலாம். படித்து முடித்த கையோடு தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளையும் எடுத்துப் பாருங்கள். நடை கடினம்தான், முதல் நாலு பக்கம் தள்ளாடும். ஐந்தாம் பக்கத்துக்குள் அவர் குரல் பிடிபட்டுவிடும்.