அளப்பதில் வல்லது, முன்னுணர்வில் எளியது: தகவமை வேகக் கட்டுப்பாடு பற்றிய ஒரு திறனாய்வு

நெடுஞ்சாலையில் கார் ஓட்டுபவரின் கவனத்தில் பெரும்பகுதியை, முன்னே செல்லும் வண்டிக்குப் போதிய இடம் விட்டு, அதன் போக்குக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்லும் வேலையே எடுத்துக்கொள்கிறது. அந்த வேலையை ஓட்டுநரின் காலிலிருந்து வாங்கிப் பொறியிடம் ஒப்படைப்பதே ‘அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்’ எனப்படும் தகவமை வேகக் கட்டுப்பாடு. ஓட்டுநர் ஒரு வேகத்தையும் ஓர் இடைவெளியையும் குறித்துவிட்டால், பாதை காலியாக இருக்கும்வரை கார் அவ்வேகத்தில் செல்லும். மெதுவாகச் செல்லும் வண்டி ஒன்றை நெருங்கினால் தானே வேகம் தணிந்து, குறித்த இடைவெளியில் அதைப் பின்தொடரும். அது விலகியதும் பழைய வேகத்துக்குத் திரும்பும். ஒரு காலத்தில் விலையுயர்ந்த சில கார்களில் மட்டும் இருந்த இவ்வசதி நடுத்தர விலைக் கார்களுக்கும் வந்துவிட்ட நிலையில், அதன் நிறைகுறைகளை விளம்பரத்தின் மொழியிலிருந்து பிரித்து எடைபோடுவது தேவையாகிறது. இப்பொறி அளப்பதில் மனிதரை விஞ்சுகிறது. முன்னுணர்வதில் மனிதருக்குப் பின்தங்குகிறது. அதன் நிறைகளில் பெரும்பாலானவை முதற்கூறிலிருந்தும், குறைகளில் பெரும்பாலானவை இரண்டாவதிலிருந்தும் கிளைப்பவை.

இதன் மூதாதை, முன்னால் என்ன இருக்கிறது என்பதே தெரியாத பழைய குரூஸ் கன்ட்ரோல். ஐந்து வயதில் பார்வையிழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் அதற்கு 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. அது குறித்த வேகத்தை விடாமல் பிடித்திருக்குமே தவிர, முன்வண்டி நின்றாலும் அதற்குத் தெரியாது. இந்தக் குறையைப் போக்க, 1995இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் தன் டயமான்டே காரில் லேசர் கதிரால் இடைவெளியை அளக்கும் அமைப்பைப் பொருத்தியது. அது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும், கியரைக் குறைக்கும். பிரேக்கை மட்டும் தொடாது. 1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் வகுப்புக் காரில் ரேடாரையும் பிரேக்கையும் இணைத்து ‘டிஸ்ட்ரானிக்’ என்ற பெயரில் தந்த அமைப்பே இன்றைய வடிவத்துக்கு அடித்தளமானது. பின்னர் வந்தவை, நெரிசலில் காரை முழுதும் நிறுத்தி மீண்டும் கிளப்பவும் கற்றுக்கொண்டன.

இன்று பெரும்பாலான கார்களில் இவ்வமைப்பின் முதன்மைப் புலன், 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ரேடார் ஆகும். இந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே என்பதால், உள்ளங்கையளவு பெட்டிக்குள் ஆன்டெனாக்களை அடக்கி, முன்பம்பருக்கோ நிறுவனச் சின்னத்துக்கோ பின்னால் மறைத்துவிட முடிகிறது. 60 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியில் பட்டுத் திரும்ப அலைக்கு ஆகும் நேரம் 0.4 மைக்ரோவினாடி, அதாவது வினாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு கூறில் பாதிகூட இல்லை. இவ்வளவு குறுகிய நேரத்தை நேரடியாக அளப்பது கடினமாகையால், ரேடார் தான் அனுப்பும் அலையின் அதிர்வெண்ணைச் சீராக உயர்த்திக்கொண்டே போகிறது. திரும்பிவரும் அலை சற்று முன்பு புறப்பட்டது என்பதால் அதன் அதிர்வெண், அந்தக் கணத்தில் வெளியேறும் அலையினுடையதைவிடக் குறைந்திருக்கும். இந்த வேறுபாட்டிலிருந்து தொலைவு கணிக்கப்படுகிறது. நெருங்கும் பொருளில் பட்ட அலையின் அதிர்வெண் கூடும், விலகும் பொருளில் பட்டது குறையும் என்ற டாப்ளர் விளைவைக் கொண்டு, இரு வண்டிகளின் வேக வேறுபாடாகிய சார்பு வேகம் அறியப்படுகிறது. பல ஆன்டெனாக்களை அலை வந்தடையும் சிறு வேறுபாட்டிலிருந்து பொருள் இருக்கும் திசையும், முன்கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவின் உதவியால் அது எவ்வகை வண்டி, எந்தத் தடத்தில் உள்ளது என்பனவும் தெளிவாகின்றன.

கிடைத்த அளவுகளைக் கொண்டு கணினி இரண்டு முடிவுகளை எடுக்கிறது. முதலாவது, கண்ணில்பட்ட பல வண்டிகளுள் பின்தொடர வேண்டியது எது என்பது. ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் அளவையும் கார் வளையும் வேகத்தையும் வைத்துத் தன் பாதையை ஊகித்து, அப்பாதைக்குள் மிக அருகிலிருப்பதை அது இலக்காகக் கொள்கிறது. இரண்டாவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பது. இந்த இடைவெளி மீட்டரில் அல்லாமல் வினாடியில் வரையறுக்கப்படுகிறது. முன்வண்டி கடந்த இடத்தைப் பின்வண்டி எத்தனை வினாடி கழித்து அடைகிறது என்பதே ‘கால இடைவெளி’ ஆகும். 2 வினாடி இடைவெளி என்பது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 28 மீட்டராகவும், 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 56 மீட்டராகவும் தானே விரியும். இவ்வமைப்புகளுக்கான பன்னாட்டுத் தர நிர்ணயமாகிய ஐஎஸ்ஓ 15622, நிலையாகப் பின்தொடரும்போது இடைவெளி 0.8 வினாடிக்குக் கீழே போகக் கூடாது என்றும், உயர் வேகங்களில் பொறி தானே வேகத்தைத் தணிப்பது வினாடிதோறும் வினாடிக்கு 3.5 மீட்டர் என்ற வீதத்தை மிஞ்சலாகாது என்றும் வரையறுக்கிறது. இந்தப் பிந்தைய வரம்பு பின்னர் எழும் வாதத்துக்கு முக்கியமானது.

நிறைகளை முதலில் நோக்கினால், சார்பு வேகத்தை நேரடியாக அளக்கும் ஆற்றலே அவற்றுள் தலையாயது. நேர் முன்னே உள்ள வண்டியை எவ்வளவு வேகமாக நெருங்குகிறோம் என்பதை மனிதக் கண், அவ்வண்டியின் உருவம் பெரிதாவதிலிருந்தே உணர்கிறது. தொலைவு மிகுந்திருக்கும்போது அந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. ரேடாருக்கு இத்தடை இல்லை. இருளும் மூடுபனியும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மணிக்கணக்கில் ஓடினாலும் அது சோர்வதில்லை. மனித ஓட்டுநர் அவசரத்தாலோ எரிச்சலாலோ முன்வண்டியை ஒட்டி நெருக்குவதுண்டு. குறித்த இடைவெளியைக் காப்பதில் பொறிக்கு அத்தகைய மனநிலை மாற்றம் கிடையாது. நீண்ட பயணத்தில் வலக்கால் அடையும் ஓய்வும் புறக்கணிக்கத் தக்கதன்று.

இனிக் குறைகள். முதலாவது, நின்றுகொண்டிருக்கும் பொருளைப் பற்றியது. சாலையின் மேலுள்ள அறிவிப்புப் பலகை, பாலம், ஓரத்துக் கம்பித் தடுப்பு என அசையாத எத்தனையோ பொருள்கள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. உயரத்தைப் பிரித்தறிவதில் பழைய ரேடார்கள் வலுவற்றவை என்பதால், மேலே தொங்கும் பலகையையும் தடத்தில் நிற்கும் லாரியையும் அவற்றால் உறுதியாக வேறுபடுத்த முடியவில்லை; ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓடாது. எனவே, அசைந்து காணப்படாத பொருள்களை ஒதுக்கிவிடும் வழியையே வடிவமைப்பாளர்கள் பெரிதும் கைக்கொண்டனர். கேமராவின் சேர்க்கையால் நிலை மேம்பட்டிருப்பினும், நிற்கும் வண்டிகளுக்கு அமைப்பு செயல்படாமல் போகலாம் என்ற எச்சரிக்கை இன்றும் கார்க் கையேடுகளில் இடம்பெறுகிறது.

இதன் விளைவை 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் நிகழ்ந்த விபத்து துல்லியமாகக் காட்டுகிறது. தகவமை வேகக் கட்டுப்பாட்டுடன் தடம் பிடிக்கும் உதவியும் சேர்ந்த ஓட்டுமுறையில் சென்ற டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்று, நெரிசலில் முன்வண்டியைப் பின்தொடர்ந்து மணிக்கு ஏறத்தாழ 34 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. தடத்தில் நின்றிருந்த தீயணைப்பு வண்டியைத் தவிர்க்க அம்முன்வண்டி அடுத்த தடத்துக்கு விலகியதும், பாதை காலியாகிவிட்டதென முடிவுசெய்த பொறி, ஓட்டுநர் குறித்துவைத்திருந்த ஏறத்தாழ 130 கி.மீ. வேகத்தை எட்டும் நோக்கில் முடுக்கத் தொடங்கி, சுமார் 50 கி.மீ. வேகத்தில் தீயணைப்பு வண்டியின் பின்புறம் மோதியது. உயிரிழப்பு இல்லை. முன்வண்டி ஏன் விலகுகிறது என்று ஒரு கணமேனும் ஐயுறும் மனித ஓட்டுநரின் கால், அந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை நாடாது. விலகலைப் பொறி பிழையின்றி அளந்தது. விலகலின் பொருளை அது அறியவில்லை.

நின்ற வண்டியை அடையாளம் கண்டாலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. முன்கூறிய 3.5 மீட்டர் வரம்புக்குள் பிரேக் பிடித்தால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் காரை நிறுத்த ஏறத்தாழ 110 மீட்டர் தேவை. உலர்ந்த சாலையில் முழு வலுவுடன் பிரேக்கை மிதிக்கும் ஓட்டுநர் அதில் பாதிக்கும் குறைவான தொலைவில் நிறுத்திவிடலாம். இதற்கு மேற்பட்ட நெருக்கடியைக் கையாள்வது தானியங்கி அவசர பிரேக் என்ற வேறோர் அமைப்பின் பணி. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது அந்த அவசர பிரேக்கையே. தகவமை வேகக் கட்டுப்பாட்டை அன்று. ஒன்று பாதுகாப்புக் கருவி, மற்றொன்று வசதிக் கருவி. விற்பனைக் கூடங்களில் இரண்டும், ஓட்டுநர் உதவி அமைப்புகளைக் குறிக்கும் ‘அடாஸ்’ என்ற ஒரே பெயரில் கலந்து பேசப்படுவதால், வாங்குவோர் வசதிக்குப் பாதுகாப்பின் மதிப்பை ஏற்றிவிடுகின்றனர்.

இரண்டாவது குறை தனி ஒரு காரில் தெரியாதது. கார்கள் வரிசையாகும்போதே வெளிப்படுவது. ஜப்பானிய இயற்பியலர் யூகி சுகியாமாவும் குழுவினரும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீரான வேகத்தில் ஓட்டச் சொல்லி நடத்திய, 2008இல் வெளியான சோதனையில், எத்தடையும் இல்லாமலேயே நெரிசல் பிறந்து பின்னோக்கி நகர்ந்தது. ஒருவரின் சிறு தயக்கம் அடுத்தவரிடம் சற்றுப் பெரிதாகி, அதற்கடுத்தவரிடம் மேலும் பெரிதானதே காரணம். முன்வண்டியின் வேகமாற்றம் பின்னே போகப்போகத் தணிந்தால் அவ்வரிசைக்குத் ‘தொடர் நிலைத்தன்மை’ உண்டு என்பர்; பெருகினால் இல்லை. விற்பனையிலுள்ள ஏழு வகைக் கார்களின் தகவமை வேகக் கட்டுப்பாட்டைச் சோதித்த டேனியல் வொர்க் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், அவற்றுள் ஒன்றுக்கும் இந்நிலைத்தன்மை இல்லை என்று கண்டனர். இதன் வேரும் முன்னுணர்வின்மையே. இரண்டு மூன்று வண்டிகளுக்கு அப்பால் எரியும் பிரேக் விளக்கைக் கண்டு காலைத் தளர்த்தும் மனிதரைப் போலன்றி, பொதுவாக இப்பொறி நேர் முன்வண்டி வேகம் குறைந்த பிறகே தான் குறைகிறது. தாமதத்தை ஈடுகட்டச் சற்று மிகுதியாகக் குறைகிறது.

இடைவெளியைக் கூட்டினால் இந்த வேகமாற்ற அதிர்வு தணியும் எனினும், அதற்குச் சாலை விலை கொடுக்க வேண்டும். 5 மீட்டர் நீளமுள்ள கார்கள் 100 கி.மீ. வேகத்தில் 1.5 வினாடி இடைவெளியில் சென்றால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2,140 கார்கள் செல்லலாம், 2.2 வினாடியானால் அவ்வெண்ணிக்கை 1,500 அளவுக்கு இறங்கிவிடும். இந்த இக்கட்டிலிருந்து மீளும் வழி, வண்டிகள் தம் வேகமாற்றத்தைக் கம்பியில்லா முறையில் ஒன்றுக்கொன்று உடனுக்குடன் தெரிவிக்கும் கூட்டுறவு வேகக் கட்டுப்பாடு ஆகும். கலிபோர்னியாவில் நான்கு கார்களைக் கொண்டு ஆய்வாளர்கள் மிலானெஸ், ஷ்லாடோவர் ஆகியோர் நடத்திய சோதனைகளில், சாதாரண அமைப்பில் பெருகிய அதிர்வு இம்முறையில் அடங்கியது. பொறிக்குக் குறையாக உள்ள முன்னுணர்வைச் செய்திப் பரிமாற்றத்தால் ஈடுசெய்ய இயலும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது குறை ஓட்டுநரிடத்தில் விளைவது. எளிய பகுதியைப் பொறி செய்துவிட, எப்போதோ வரும் கடினமான கணத்துக்காகக் காத்திருக்கும் வேலை மனிதருக்கு எஞ்சுகிறது; அதற்கே அவர் மிகவும் தகுதியற்றவர் என்று ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே ஆலைத் தானியக்கத்தைப் பற்றி வாதிட்டார். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு, இத்தகைய அமைப்புகள் இயங்கும்போது ஓட்டுநர்கள் வேக வரம்பை மீறும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. குறித்த வேகத்தில் செல்வது பொறியின் வேலை. எந்த வேகத்தைக் குறிப்பது என்பது மனிதரின் ஆசை.

இந்தியச் சாலையில் இக்குறைகள் ஒன்றுகூடுகின்றன. செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கப்பட்டு 2021இல் வெளிவந்த எக்ஸ்யூவி 700 போன்ற கார்களால் இங்கு இவ்வசதி பரவலாயிற்று. ஆனால் தடம் பிரித்து ஓடும் ஒழுங்கைக் கருதி வகுக்கப்பட்ட இப்பொறி விடும் 56 மீட்டர் இடைவெளி, இங்கே அடுத்தவர் நுழைவதற்கான அழைப்பாகிவிடுகிறது. ஒவ்வொரு நுழைவுக்கும் கார் வேகம் தணிய, அதை எதிர்பாராத பின்வண்டி நெருங்கிவிடுகிறது. தடத்தின் ஓரமாகச் செல்லும் இரு சக்கர வண்டி, ரேடாருக்குச் சிறிய இலக்கு. அது பாதைக்குள் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பதும் கடினம். 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்பதை எண்ணினால், இது சிறு குறை ஆகாது. விளக்கின்றி நிற்கும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் வண்டி, குறுக்கிடும் மாடு, அறிவிப்பில்லாத வேகத்தடை ஆகியவற்றை இதற்குரிய சூழல் என்று சொல்ல இயலாது. இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லாத மும்பை–புனே விரைவுச்சாலை போன்றவற்றில் மட்டுமே இது தன் இயல்பான களத்துக்கு ஓரளவு அருகில் வருகிறது.

ஆகவே, தகவமை வேகக் கட்டுப்பாட்டை வீண் ஆடம்பரம் என்று தள்ளுவதும், விபத்தைத் தடுக்கும் காவல் என்று கொண்டாடுவதும் ஒருசேரப் பிழையாகும். ஒழுங்குள்ள நெடுஞ்சாலையில் இடைவெளி காக்கும் பணியை மனிதரைவிடச் சீராகச் செய்யும் நல்ல கருவி அது. அந்த எல்லைக்கு அப்பால் அதன் மீது வைக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. தங்கள் அமைப்பு எந்தெந்தப் பொருள்களுக்கு நிற்காது என்பதைத் தயாரிப்பாளர்கள் கையேட்டின் உள்மூலையில் புதைக்காமல், விற்பனைக் கூடத்திலேயே வாங்குபவரின் மொழியில் சொல்ல வேண்டும்; தொடர் நிலைத்தன்மையை ஒப்புதல் சோதனையின் ஓர் அங்கமாக அரசுகள் ஆக்க வேண்டும். வாங்குபவர் செய்யத் தக்கது இன்னும் எளிது: கலப்புப் போக்குவரத்துள்ள சாலையில் இதை அணைத்து வைப்பதும், விரைவுச்சாலையில் இயக்கும்போது இடைவெளியை மிக நீண்டதாகக் குறித்து, வலக்காலைப் பிரேக்கின் அருகிலேயே வைத்திருப்பதும் போதும்.