வீம்பனும் நாற்பதுக்கு இருபதும்

உலகத்தில் இதைவிடச் சந்தோஷமான விளையாட்டு இன்னொன்று உண்டென்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். டிரெஸ்ஸாஜ்! அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காத, தன் நிழலுக்கே மிரளுகிற, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஒரு குதிரையோடு டிரெஸ்ஸாஜ். பணக்கார நாட்டுக்காரர்கள் வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்டம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். இலங்கையின் பதுளையில், பசறை ரோட்டில், நமுனுகுல மலைக்குக் கீழே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பந்து மைதானத்தில் அதை ஆடுகிறவள் நான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் உள்ள ஒரு களம். பெரிய போட்டியென்றால் நீளம் 60. சின்னக் களத்தின் விளிம்பைச் சுற்றி ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்று எழுத்துகள் நிற்கும். இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உறுதியான விடை யாரிடமும் இல்லை. நட்டநடுவில் எக்ஸ் என்றோர் இடம் உண்டு, அதற்குப் பலகை கிடையாது, மனக்கணக்குதான். ஏ வழியாக உள்ளே நுழைந்து, தேர்வுத்தாள் சொல்கிறபடி இங்கே வட்டம், அங்கே குறுக்குக்கோடு, இந்த எழுத்தில் நடை, அந்த எழுத்தில் ட்ராட் என்று போய், கடைசியில் நேராக நின்று நடுவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டி நூற்றுவீதம். வேலி தாண்டுவது இல்லை, யாரையும் முந்துவது இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். குதிரைமேல் இருப்பவளுக்கு மட்டும் உயிர் போய் உயிர் வரும்.

மேடும் பள்ளமுமான எங்கள் ஊவா மாகாணத்தில் 40க்கு 20 சமதரை கிடைப்பதே ஒரு கொடுப்பினை. எங்கள் மைதானம் மலையை வெட்டி எடுத்தது. கே மூலை கொஞ்சம் தாழ்வு, மழை பெய்தால் அங்கே சேறு. எச் மூலையை ஒட்டித் தண்ணீர்க் கான் ஓடுகிறது. பி பக்கம் முழுக்கத் தேயிலை. அதற்கு மேலே கொழுந்து மடுவம். எழுத்துகளுக்குப் பலகை வாங்கக் காசில்லை, அதனால் உரச் சாக்கில் மண்ணை நிரப்பிப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறோம். லயத்துப் பிள்ளைகள் ஏ-கே-ஈ-எச் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். நான் எழுத்தைத் தாண்டி வட்டம் போட்டால் மைதானமே கூச்சல் போடும். இப்படிப்பட்ட பார்வையாளர்கள் எந்த ஐரோப்பிய அரங்கத்திலும் கிடைக்கமாட்டார்கள்!

இனி நாயகனுக்கு வருகிறேன். இந்தியாவில் பிறந்து, நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி, ஓய்வுபெற்ற தரோபிரெட் குதிரை அவன். பழைய தொரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக்கிய ஒருவர் அவனை வாங்கி, ஏற முடியாமல் கட்டிப்போட்டிருந்தார். பந்தயப் புத்தகத்தில் அவனுக்கு என்னவோ ஓர் இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் வைத்த பெயர் வீம்பன், அதுதான் நிலைத்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கண்ணில் எப்போதும் ஒரு சந்தேகம். கழுத்தை வானத்துக்கு நீட்டி, முதுகைக் குழியாக்கி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, நட என்றால் குதிநடை போடுவான். கொழுந்தெடுக்கிற அக்காமார் இடுப்பில் கட்டுகிற படங்கு காற்றில் படபடத்தால் போதும், பக்கவாட்டில் இரண்டு மீற்றர் தாவிவிடுவான். நான் மேலே இருக்கிறேனா இல்லையா என்பதெல்லாம் அவனுக்குப் பிறகுதான்.

இந்த வீம்புக்குப் பின்னால் எவ்வளவு விஷயம் இருக்கிறது தெரியுமா? கடிவாளத்தை இழுத்தால் குதிரை நிற்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். பந்தயக் குதிரைக்கு அது தலைகீழ். ஜொக்கி வாரை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடத்தான் அவனைப் பழக்கியிருக்கிறார்கள். பயந்து நான் இழுத்தால், அவன் காதில் அது ஓடு என்றுதான் விழும். அதோடு வயிறு. குதிரையின் இரைப்பை நாள் முழுவதும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் புல் மேயவென்று அமைந்த வயிறு அது. லாயத்தில் அடைத்துத் தானியத்தைக் கொட்டி, இடையிடையே வெறும் வயிறாக விட்டால் புண் வந்துவிடும். பந்தயக் குதிரைகளிடம் இது மிகச் சாதாரணம். வயிறு எரிகிறவன் இடுப்பு வாரை இறுக்கும்போது கடிக்க வந்தால் அதைத் திமிர் என்பதா? மிருக வைத்தியர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார், கூர்மையாக இருந்த கடைவாய்ப் பல்லை அராவினார், தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டச் சொன்னார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன் மண்ணைத் தேற்றக் குவாட்டமாலாப் புல் வளர்ப்பார்களே, அதில் தினமும் ஒரு கட்டு வீம்பனுக்கு. அடுத்த மாதமே பாதி வீம்பு ஓடிப்போய்விட்டது!

மிச்சப் பாதியைக் கரைத்தவர் மேல் லயத்துத் தாத்தா. அவருடைய அப்பா வெள்ளைக்காரத் தொரையின் குதிரைக்காரர். பதுளைக்கு ரயிலும் மலைக்குக் கார்களும் வரும்வரைக்கும் மலைக்கு மலை தொரைமார் குதிரையில்தான் போனார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் நம் ஆட்கள் பாதையை விட்டு இறங்கி, குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று தாத்தா சொல்வார். சொல்லிவிட்டு, சேணத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை ஒரு பார்வை பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் பத்து வருஷம் குதிரையேறுவேன்.

“அவன் வீம்பு புடிக்கல புள்ள, பயப்புடுறான்,” என்றார் ஒருநாள். “நீ அவன் கழுத்தயே பாத்துகிட்டிருக்க. காதப் பாரு.”

“காதப் பாத்தா என்னா தாத்தா தெரியும்?”

“எங்கிட்டுப் பாயப் போறான்னு அவன் ரோசன பண்றதுக்கு முந்தியே காது சொல்லிரும். மூச்ச அடைக்காத. ஒன் மூச்சு நின்னா புலி வந்துருச்சுன்னு நெனைக்கிறான்.”

இது ஏதோ நாட்டுப்புற வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படைத்தலைவர் செனொபோன் எழுதிய குதிரையேற்ற நூலிலும், கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்றுதான் இருக்கிறது. லயத்துத் தாத்தா செனொபோனைப் படித்ததில்லை. குதிரையைப் படித்திருந்தார்.

ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசுகிற கச்சான் காற்றுதான் உயிர். அந்த வறண்ட காற்றில் வாடுகிற கொழுந்தில்தான் உலகம் தேடி வாங்குகிற அந்த வாசம் ஏறுகிறது. தேயிலை ஸ்டோரில் எல்லாருக்கும் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். அதே காற்று வீம்பனுக்குள் புகுந்துவிட்டால் ஒவ்வொரு தேயிலைச் செடியும் அவனுக்குப் பேய். ஆனால் நான் அதிகம் கற்றது அந்தக் காற்றில்தான். நேர்கோட்டில் போனால் பறப்பான். வட்டத்தில் விட்டால் யோசிப்பான். உள்பக்கக் காலால் மெல்ல அழுத்தி, வெளிப்பக்க வாரில் அதை வாங்கிக்கொண்டு, ஒரு வட்டம், அதைவிடச் சின்னதாக இன்னொன்று, மறுபடி பெரியது என்று போகப் போக முதுகு தளரும், கழுத்து இறங்கும். ட்ராட் என்பது குறுக்குக் கால்கள் ஜோடி ஜோடியாக விழுகிற இரண்டு தட்டு ஓட்டம். பதற்றத்தில் தாறுமாறாக விழுந்துகொண்டிருந்த அந்தத் தட்டு, திருவிழாவில் தப்படிப்பவர் கை சூடேறியதும் அடி சீராகுமே, அப்படிச் சீராகும். அந்தக் கணம்! மூக்கால் ஒரு நீண்ட புர்ர்ர். பயம் போய்விட்டது என்று குதிரை போடுகிற கையெழுத்து அது. ஐயோ, அதைக் கேட்பதற்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

வார்களைத் தளர்த்திவிட்டு நடக்கவிடுவது ஒன்று இருக்கிறது. எழுதிப் பார்த்தால் சின்ன விஷயம்: களத்தின் குறுக்கே நடந்து போ, கடிவாளத்தை நீட்டிவிடு, குதிரை தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டி அகலமாக அடி வைக்கட்டும். பல தேர்வுத்தாள்களில் இதற்கு இரட்டை மதிப்பெண். அமைதியான குதிரைக்கு இது ஓய்வு நேரம். வீம்பனுக்கு உலகத்திலேயே கடினமான காரியம். பிடியை விட்டால் ஓடிவிடுவானோ என்று எனக்குப் பயம், பிடியை விட்டால் யார் தன்னைப் பார்த்துக்கொள்வது என்று அவனுக்குப் பயம். பயிற்சியில் தாலாட்டுப் பாடிக்கொண்டே விட்டுக்கொடுப்பேன். பாட்டு நிற்காதவரை அவனும் குதிநடை போடமாட்டான். போட்டியில் வாய் திறந்தால் மதிப்பெண் போய்விடும், அதனால் அங்கே பாட்டை மூச்சுக்குள் பாட வேண்டும். மூச்சைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இரண்டு உயிர்கள் பேசிக்கொள்வதைவிட அதிசயம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சரி, பதுளையில் போட்டி எங்கே நடக்கிறது என்கிறீர்களா? போனில் நடக்கிறது! இணையவழி டிரெஸ்ஸாஜ் என்று ஒன்று வந்திருக்கிறது. நடுவர் உட்கார வேண்டிய சி பக்கத்தில் போனை நிறுத்தி, தொடக்கத்திலிருந்து கடைசி வணக்கம்வரை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம் பிடித்து அனுப்பினால், எங்கோ இருக்கிற நடுவர் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண்ணும் குறிப்பும் போட்டு அனுப்புவார். நடையும் ட்ராட்டும் மட்டும் உள்ள தொடக்கநிலைத் தேர்வில் சேர்ந்தேன். தாத்தா முக்காலிக்குக் காவல். அன்றைக்குப் பார்த்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம், அக்காமார் கூடையை இறக்கிவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். எச் மூலையில் கான் சலசலத்தது, வீம்பனின் இடக்காது திரும்பியது. பார்த்துவிட்டேன். காலை லேசாக வைத்து, மூச்சை வெளியே விட்டேன். அவன் கானைப் பார்த்தான், என்னைக் கேட்டான், தாண்டிப் போனான். பிறகு தளர்த்திவிட்ட நடை. கழுத்து இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது! கடைசியில் நின்றான். நான்கு காலும் சதுரமாக, ஒரு செவியைக்கூட ஆட்டாமல். மடுவத்துப் பக்கமிருந்து கைதட்டல் எழும்பியதும் ஒரே பாய்ச்சலில் எஃப் சாக்கைத் தாண்டிவிட்டான் என்பது உண்மைதான். ஆனால் வணக்கம் முடிந்த பிறகுதானே!

வந்தது 60.4 வீதம். முதல் இடம் இல்லை, மூன்றாம் இடமும் இல்லை. பாதிக் கட்டங்களில் பதற்றம் என்று எழுதியிருந்தது. தளர்த்திவிட்ட நடைக்கு 6, கடைசி நிற்றலுக்கு 7. ஆறு என்றால் திருப்தி, ஏழு என்றால் ஓரளவு நன்று என்று அவர்கள் அகராதி. நான் அந்த ஏழைச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

இதெல்லாம் பெரிய இடத்து ஆட்டம் என்று ஒதுங்குகிறவர்களுக்குச் சில பெயர்கள் சொல்கிறேன். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையில், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். பெண்களை டிரெஸ்ஸாஜுக்குள் விட்ட முதல் ஒலிம்பிக் அது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹ்ரிதய் சேடா, அனுஷ் அகர்வல்லா நால்வரும் சேர்ந்து இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் வாங்கித் தந்தார்கள். ஆசிய விளையாட்டுக் குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். அனுஷ் தனிநபர் வெண்கலமும் வென்று, அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். நம் பக்கம் மதில்டா கார்ல்சன், இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரையேறினார். அவர் தாண்டல் போட்டிக்காரர் என்றாலும் குதிரை குதிரைதான்.

பந்தயத்தைப் பற்றி என் தீர்ப்பைக் கேட்டால், சித்திரை மாத நுவரெலியாவின் தொப்பியும் கூச்சலும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிற வேடிக்கை. ஓடி முடித்த குதிரைக்கு அதற்குப் பிறகும் இருபது வருஷ ஆயுள் இருக்கிறது. அடுத்த சித்திரைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெறும் குதிரைகள் எங்கே போகின்றன என்று அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்க வசதி இருந்தால் முதலில் வயிற்றையும் பல்லையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், சாட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே. தியத்தலாவையிலும் பண்டாரவளையிலும் நல்ல சமதரை இருக்கிறது. ஊவாவில் ஒரே ஒரு நாள், சின்னதாக, உரச் சாக்கு எழுத்துகளோடேனும் ஒரு டிரெஸ்ஸாஜ் போட்டி நடத்த யாராவது முன்வாருங்கள். முதல் பெயராக வீம்பனை எழுதிக்கொள்ளலாம். கைதட்டலை மட்டும் அவன் களத்தை விட்டு வெளியே போகும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.