வளையாத சுரத்தின் அழகு

திருவிழா நாகசுரத்தில் ஊறிய செஞ்சி ஊர்க்காரர்களின் காதுகளுக்குப் பியானோ முதலில் விறைப்பாகத்தான் படும். மொத்தம் 88 கட்டைகள். ஒன்றை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் தந்தியைத் தட்டும். தட்டிய ஒலி அந்தக் கணமே தேயத் தொடங்கும். வீணையைப் போலத் தந்தியை இழுத்துச் சுரத்தை வளைக்கும் கமகம் காட்ட வழியில்லை.

சென்னைப் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன் இந்தக் குறையோடு மல்லுக்கட்டுவதில்லை. மேற்கத்தியச் செவ்விசை பயின்ற அவர், பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து கர்நாடகக் கீர்த்தனைகளை மேடையேற்றுகிறார். வளைவும் நெளிவும் பாடகரின் குரலுக்கு. பியானோ குரலுக்கு அடியில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் பொறுத்திருக்கும். அந்த இடைவெளியில் ராகம் தெளிந்து நிற்கும்.

விரைந்து வாசிப்பவர்கள் பலர் உண்டு. எங்கே விரலை எடுக்க வேண்டும் என்று அறிந்தவரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.