பொதுக்கொள்கை விவாதமும் கணினிவழி வாதக் கருவிகளும்: ஒரு மொழியியல் நோக்கு

பொதுக்கொள்கை விவாதங்களை ஒழுங்குபடுத்தும் கணினிக் கருவிகள் மொழி பற்றிய ஒரு கருதுகோளின்மேல் நிற்கின்றன. ஒரு கூற்றைச் சொன்னவரிடமிருந்தும் சொன்ன முறையிலிருந்தும் பிரித்தெடுத்தாலும் அதன் பொருள் குறையாது என்பதே அது. இக்கருதுகோள் ஆய்வுக்குரியது.

1970இல் வெர்னர் குன்சும் ஹார்ஸ்ட் ரிட்டலும் முன்வைத்த அமைப்பில் சிக்கல், நிலைப்பாடு, வாதம் என்பவை அடிப்படை உறுப்புகள். 1980களின் இறுதியில் ஜெஃப் காங்க்ளின் குழுவினர் இதனைக் கணினித் திரைக்குக் கொணர்ந்தனர். விவாதம் கிளை பிரிந்து கண்ணுக்குப் புலனாவது நன்மையே. ரிட்டலின் நோக்கமும் விடையைக் கணக்கிட்டுக் கூறுவதன்று. காரணங்களை வெளிப்படச் செய்வதே. தைவானில் 2015இல் ஊபர் வாடகைக் கார்ச் சேவை பற்றிய கலந்தாய்வில் பயன்பட்ட போலிஸ் என்னும் கருவி வேறு வழியில் செல்கின்றது. அதில் புதிய கூற்றைச் சேர்க்கலாம். பிறர் கூற்றுக்கு மறுமொழி எழுத இயலாது. உடன்படலாம், மறுக்கலாம், கடந்து செல்லலாம். பூசலுக்கு இடமில்லை, ஏன் என்று கேட்பதற்கும் இடமில்லை.

இவ்விருவகைக் கருவிகளையும் தமிழில் அமைக்க முயல்வோர்க்கு எழும் இடர்ப்பாடு கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. 'அணை கட்டினால் ஊர் மூழ்கும்', 'மூழ்குமாம்', 'மூழ்கத்தானே செய்யும்' என்னும் மூன்றையும் நோக்குக. முதலாவது அறுதியிட்டுக் கூறுகின்றது. இரண்டாவதில் 'ஆம்' செய்தி கேள்விவழி வந்தது என்று உணர்த்துவதால் அதன் உண்மைக்குச் சொல்பவர் பொறுப்பேற்பதில்லை. மூன்றாவது, கேட்பவரும் அதனை அறிவார் என்று கொள்கின்றது. வரைபடக் கட்டத்தில் மூன்றும் முதலாவதாகவே எழுதப்படும். பின்னர்ச் சான்று கேட்கப்படுமிடத்து, தாம் உறுதி கூறாத ஒன்றுக்கு ஊரார் விடையிறுக்க நேர்கின்றது. திட்ட அலுவலர்க்கோ இது வாய்ப்பாகவே அமையும்.

மறுப்பிலும் சிக்கல் உண்டு. 'கட்டணத்தை உயர்த்தக்கூடாது' என்பதனை மறுப்பவர், 'உயர்த்த வேண்டும்' என்று கருதலாம்; 'உயர்த்தலாம்' என்று மட்டுமே கருதவும் கூடும். கொள்கை வகுப்போர்க்கு இவை இரு வேறு முடிபுகள். கருவியின் கணக்கில் ஒரே எண்.

கலைச்சொல்லாக்கத்திலும் விரைவு கூடாது. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றை விளக்குவதால் அவற்றை அப்படியே எடுத்தாளும் ஆர்வம் இயல்பே. ஆயின் ஸ்டீபன் டூல்மின் 1958இல் தரவினையும் அதிலிருந்து முடிபுக்குச் செல்ல இசைவளிக்கும் விதியினையும் வேறுபடுத்தினார். இரண்டையும் 'ஏது' என்றே பெயர்த்தால் அவ்வேறுபாடு அழியும். கொள்கை விவாதங்களில் கருத்துமாறுபாடு பெரும்பாலும் தரவில் இல்லை, அவ்விதியில்தான் உள்ளது.

தமிழ்க் கருவியில் கூற்றுக்கு ஒரு கட்டம் போதாது. கண்டது, கேட்டது, உய்த்துணர்ந்தது என்று சொன்னவரே குறிக்க மற்றொன்றும் வேண்டும்.