காசு போடாமல் கற்க ஒரு பிளாக்செயின்

கிரிப்டோ என்றால் என்னவென்று படிக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதலில் இறக்குவது எக்ஸ்சேஞ்ச் ஆப்பைத்தான். அதில் விலைக்கோடு ஏறி இறங்குவது தெரியும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. ஆண்டர்ஸ் பிரவுன்வொர்த் உருவாக்கிய ‘பிளாக்செயின் டெமோ’ விலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. பிரவுசரில் திறந்தால் போதும். ஓடிபி, பான் கார்டு எதுவும் கேட்காது. ‘பிளாக்’ பக்கத்தில் பச்சையாக ஒரு கட்டம் நிற்கும். அதில் நான்ஸ் என்ற எண் 72608, கீழே நான்கு பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஹேஷ், அதாவது கட்டத்தில் உள்ளதைக் கணக்கிட்டு வரும் கைரேகை போன்ற குறியீடு. டேட்டா பெட்டியில் ‘மல்லி 5 கிலோ’ என்று தட்டினால் ஹேஷ் மாறி, கட்டம் சிவந்துவிடும். ‘மைன்’ பட்டனை அழுத்தினால், நான்ஸ் எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மறுபடி நான்கு பூஜ்ஜியம் விழுந்ததும் பச்சைக்குத் திரும்பும். சராசரியாக 65,536 முறை போட்டுப் பார்க்கிற வேலை அது. பூஜ்ஜியம் ஒன்று கூடினால் வேலை 16 மடங்காகும். மைனிங் என்ற பெரிய பெயருக்குள் இருப்பது இந்தக் குருட்டுத் தேடல்தான்.

அடுத்த பக்கத்தில் ஐந்து கட்டங்கள். மதுரைக் கீழமாசி வீதி மொத்தக்கடைப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தின் தலையில் ஏறுவது போல, ஒரு கட்டத்தின் ஹேஷ் அடுத்ததில் ஏறியிருக்கும். மூன்றாவதில் கை வைத்தால் அதோடு நான்கும் ஐந்தும் சிவக்கும். ஆனால் சிவந்த மூன்று கட்டங்களையும் வரிசையாக மைன் செய்தால் எல்லாம் பச்சை. கள்ளக்கணக்கு கச்சிதமாக நிற்கிறது! டெமோவின் சிறந்த இடம் இதுதான். அடுத்து வரும் ‘டிஸ்ட்ரிபியூட்டட்’ பக்கத்தில் அதே சங்கிலிக்கு மூன்று பிரதிகள். ஒன்றைத் திருத்திப் பச்சையாக்கினாலும் அதன் கடைசி ஹேஷ் மற்ற இரண்டோடு ஒத்துப்போகாது. பாதுகாப்பு ஹேஷில் பாதி, பலர் கையில் பிரதி இருப்பதில் பாதி என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

குறைகள் உண்டு. கட்டங்கள் பக்கவாட்டில் ஓடுவதால் போனில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும், தமிழும் கிடையாது. பரிவர்த்தனைக் கட்டணம் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

“ஐந்நூறு ரூபாயாவது போட்டால்தான் மண்டையில் ஏறும்” என்பவர்கள் உண்டு. அந்த ஐந்நூறு கற்றுத்தருவது வரியைத்தான்: 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதம், நட்டத்தை வேறெதிலும் கழித்துக்கொள்ளவும் முடியாது. தவிர, எக்ஸ்சேஞ்ச் திரையில் தெரிகிற காயின் அந்த நிறுவனம் தன் கணக்கில் எழுதியிருக்கும் எண். சங்கிலியில் அதை நகர்த்தும் சாவி நம் கையில் இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனபோது, திருட்டில் சேராத எக்ஸ்ஆர்பி காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. அப்படி 3,532 எக்ஸ்ஆர்பி முடங்கிய ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ சொத்துதான் என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் சொன்னார். சொத்து என்பது சரி, சாவி யாரிடம் என்ற கேள்வியை விலைக்கோடு எழுப்புவதில்லை. டெமோவின் இரண்டாம் பகுதி சாவியிலிருந்தும் கையெழுத்திலிருந்தும்தான் தொடங்குகிறது.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, “பிட்காயின்ல போடுங்கண்ணே, மாசம் பத்து பர்சென்ட் கேரண்டி” என்று ஒருவர் சொன்னால், டெமோவின் ஐந்து கட்டப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் பெட்டிகள் இவைதான்: நம்பர், நான்ஸ், டேட்டா, முந்தைய ஹேஷ், ஹேஷ். மாத வட்டி எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்லலாம்.